முக்கால் மில்லிமீட்டர்

திங்கட்கிழமை மதியம் கிரேஸின் ஆம்னி வேன் முதல்முறையாக உதறியது.

எல்.கே.ஜி. பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு, காலி வண்டியோடு செவிலிமேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மேம்பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல வண்டி தயங்கியது. பிறகு பாய்ந்தது. மறுபடி தயங்கியது. பாலத்தின் உச்சியைத் தாண்டி இறக்கத்துக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

போகிற வழியிலேயே வரதராஜனின் ஒர்க்‌ஷாப் இருந்தது. நிறுத்தினாள். வரதராஜன் ஒரு கையில் டீ கிளாஸோடு வந்து, இன்ஜினை ஓடவிட்டு அரை நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார்.

"இன்ஜினைப் பிரிச்சி ஹெட்டு இறக்கணும்மா. வால்வு போயிருக்குது. நாலு நாள் வண்டி இங்கயே நிக்கட்டும்."

"நாளைக்குக் காலைல டயாலிசிஸ் டிரிப் இருக்குதுண்ணா."

"அதுக்கு நான் இன்னா பண்றது? இன்ஜினு கேக்குமா அத?"

கிரேஸ் வண்டியைப் பார்த்தாள். அது நின்ற இடத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. "வால்வு போயிருந்தா நிக்கும்போதும் ஆடணும் இல்லண்ணா? இது ஏத்தத்துல மட்டும்தான் உதறுது."

வரதராஜன் டீயைக் குடித்து முடித்தார். "நீயே எல்லாம் தெரிஞ்சி வெச்சிக்கினு இருக்கிற. அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்த?"

அது நியாயமான கேள்வி என்று அவளுக்கும் பட்டது. "வர்றேண்ணா" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கிரேஸுக்கு முப்பத்தாறு வயது. ஒரகடம் பக்கம் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். தரப் பரிசோதனைப் பிரிவு. வரிசையாக வரும் இரும்புத் துண்டுகளை எடுத்து, அளந்து, சரியானதை ஒரு பெட்டியிலும் தப்பானதை இன்னொரு பெட்டியிலும் போட வேண்டும். ஒரு தலைமுடி அளவுக்குக் கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் பெட்டிதான். ஒப்பந்தம் முடிந்து அறுபது பேரை அனுப்பியபோது அவளும் வெளியே வந்தாள். டிரைவிங் பழகி, கேஸில் ஓடும் இந்தப் பழைய ஆம்னியை வாங்கினாள். வாங்கிய முதல் வாரமே அதன் கையேட்டைத் தேடிப் பிடித்துப் படித்தாள். கணவன் சந்தோஷ்குமார் சிரித்தான். "பரீட்சையா எழுதப் போற?" என்றான். அவள் கண்டுகொள்ளவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, கூரத்திலிருந்து பொன்னி என்ற அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறாள். காலை ஏழு மணி ஷிப்ட். ஏழேகால் ஆனால் அந்தக் கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மாதம் முன்பு அப்படி ஒருமுறை நடந்தது. அன்றைக்குக் கிரேஸுக்குக் காய்ச்சல். வேறு கார் சொல்லியிருந்தார்கள். கார் வந்து சேர்ந்தபோது மணி எட்டு. மறுநாள் பொன்னிக்கு மூச்சு அடைத்து, உட்கார்ந்தபடியே பொழுதைக் கழித்தாள். அதற்குப் பிறகு பொன்னியின் கணவர் கோதண்டபாணி எந்த வண்டியையும் நம்புவதில்லை. கிரேஸின் வண்டியையும்தான்.

ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறும்வரை சாப்பிட்டு முடித்தாள். பிறகு சீட்டைத் தூக்கிச் சாய்த்தாள். மூன்று ஸ்பார்க் பிளக், மூன்று கறுப்பு ஒயர். எந்த ஒயர் எதற்கு என்று குழம்பாமல் இருக்க, சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை ஊதித் தள்ளினாள். கழற்றும்போது ஒரு துளி மண் உள்ளே விழுந்தாலும் அது இன்ஜினுக்குள் போய் வேலையைக் காட்டும்.

மூன்றையும் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தாள். முனைகள் மூன்றும் வெளிர் பழுப்பாக இருந்தன. எண்ணெய் இல்லை. கரி அப்பவில்லை. உள்ளே எரிய வேண்டியது ஒழுங்காக எரிந்திருக்கிறது. வால்வு போன இன்ஜினின் பிளக் இப்படி இருக்காது. அவளுக்கு மனசு லேசானது.

பிறகு ஃபீலர் கேஜை எடுத்தாள். விசிறி மடிப்பு மாதிரி மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் கனம் எழுதியிருக்கும். பிளக்கின் நடு முனைக்கும் அதன்மேல் வளைந்து நிற்கும் கொக்கிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் தீப்பொறி தாவ வேண்டும். இந்த வண்டிக்கு அந்த இடைவெளி முக்கால் மில்லிமீட்டர். 0.75 தகட்டை நுழைத்தாள். அது எதிலும் படாமல் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. 0.90 போனது. 1.00 போனது. 1.10 தகடுதான் லேசாகப் பிடித்தது. மூன்றிலும் அப்படியே.

கிரேஸ் செய்தித்தாளின் மேல் கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்தாள்.

போன மாதம் இந்த மூன்று பிளக்கையும் வாங்கி மாட்டியது அவள்தான். "கம்பெனிலயே செட் பண்ணி வர்றதும்மா, அப்படியே மாட்டிக்க" என்று கடைக்காரர் சொன்னார். அவளும் அப்படியே மாட்டினாள். வேறு ஏதோ காருக்கான பிளக். திருகு மரை ஒன்றுதான், நீளம் ஒன்றுதான், இடைவெளி மட்டும் வேறு. புதுசில் முனை கூர்மையாக இருந்ததால் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறது. முனை கொஞ்சம் மழுங்கியதும், ஏற்றத்தில் பாரம் கூடும்போது பொறியால் அவ்வளவு தூரம் தாவ முடியவில்லை. ஏழு வருஷம் அடுத்தவன் பொருளை அளந்து அளந்து ஒதுக்கியவள், சொந்த வண்டிக்கு ஒரு தடவை அளக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது, ஏனென்றால் என்ன கோளாறு என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஒரு மரக்கட்டையை எடுத்து, கொக்கியை அதன்மேல் மெதுவாகத் தட்டினாள். தட்டிவிட்டு அளந்தாள். மறுபடி தட்டி மறுபடி அளந்தாள். தகடு உள்ளே போகவும் வேண்டும், இழுக்கும்போது லேசாக உரசவும் வேண்டும். முதல் பிளக் சரியானது. இரண்டாவதைத் தட்டும்போது எண்ணெய்க் கையிலிருந்து வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. இடைவெளியைச் சரிசெய்து அதையும் மாட்டினாள்.

மேம்பாலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினாள். வண்டி ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

சாயங்காலம் கோதண்டபாணி போன் செய்தார். வரதராஜன் அவருக்கு ஏதோ வழியில் சொந்தம்.

"இன்னாம்மா, இன்ஜினே போச்சாமே. வரதராஜன் சொன்னான்."

"இன்ஜின் போவலண்ணா. பிளக்குதான். சரி பண்ணிட்டேன்."

அவரைக் கிரேஸின் அம்மாவாக இருந்தால் ஐயா என்றுதான் கூப்பிட்டிருப்பாள். கூரத்தில் அவர்கள் நிலத்தில் அவள் வீட்டு ஆட்கள் கூலிக்கு நட்டிருக்கிறார்கள், அறுத்திருக்கிறார்கள். கிரேஸ் முதல் நாளிலிருந்தே அண்ணா என்றாள். அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

"நீ சரி பண்ணியா? மெக்கானிக் பாக்கலியா?"

"நான்தான் பண்ணேன்."

"வேணாம்மா. நாளைக்கு வேற கார் சொல்லிக்கிறேன். தப்பா எடுத்துக்காத. போன தடவ பட்டது போதும்."

"உங்க பயம் நியாயம்தாண்ணா. அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பொன்னி எப்போதும் மூச்சை எண்ணிச் செலவழிப்பவள்போலக் கொஞ்சமாகத்தான் பேசுவாள்.

"வண்டி ஓடுதா?"

"ஓடுதுக்கா. மூணு வாட்டி பாலம் ஏறிப் பாத்துட்டேன்."

"அப்ப வந்துடு."

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிரேஸ் கூரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றாள். பொன்னியின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு நுழையவில்லை. கோதண்டபாணி அவளைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் உட்கார வைத்தார். "ரெண்டரை கிலோ ஏறியிருக்குது" என்றார், கிரேஸைப் பார்க்காமல். உடம்பில் நீர் அவ்வளவு தங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்குத் தவற விடவே முடியாது.

வண்டி ஊரைத் தாண்டியது. ஏரிக்கரையை ஒட்டிய வளைவையும் தாண்டியது. வயல்வெளிக்கு நடுவில், பக்கத்தில் வீடு எதுவும் இல்லாத இடத்தில், இன்ஜின் சட்டென்று குரல் மாறியது.

இது நேற்றைய உதறல் இல்லை. நேற்று வண்டி தயங்கித் தயங்கி ஓடியது. இன்றைக்கு முழுசாக நொண்டியது. ஸ்டியரிங், சீட்டு, கண்ணாடி எல்லாம் ஆடின. ஓரம் கட்டி நிறுத்தினாள். நின்ற பிறகும் ஆடியது.

"சொன்னேன் இல்ல" என்றார் கோதண்டபாணி. அவர் குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. "நான் சொன்னேன். யார் கேக்குறீங்க?"

கிரேஸ் மணி பார்த்தாள். ஆறு ஐந்து. இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிஷம். போனை எடுத்து, கூட்டுரோட்டில் ஆட்டோ ஓட்டும் கதிர்வேலைக் கூப்பிட்டாள்.

"கதிரு, கூரம் ரோட்ல ஏரி தாண்டி நிக்கிறேன். பேஷண்ட் இருக்காங்க. உடனே வா. சவாரி இருந்தாலும் விட்டுட்டு வா."

"பதினைஞ்சு நிமிஷம்க்கா."

போனை வைத்துவிட்டுப் பின்னால் திரும்பினாள். "அண்ணா, ஆறு இருபதுக்கு ஆட்டோ வந்துடும். எது எப்படி ஆனாலும் அக்கா ஏழு மணிக்குக் கட்டில்ல படுத்திருப்பாங்க. அதுக்கு நான் பொறுப்பு. அதுவரைக்கும் இந்த வண்டிய நான் பாக்கறேன். எனக்கு ஒரு கை வெளிச்சம் பிடிக்கணும். வர்றீங்களா?"

கோதண்டபாணி மனைவியைப் பார்த்தார். பொன்னி தலையை ஜன்னல் பக்கம் சாய்த்திருந்தாள். "போய்ப் பிடி" என்றாள்.

சீட்டைத் தூக்கியதும் சூடு முகத்தில் அடித்தது. கிழக்கே வெளுத்திருந்தாலும் இன்ஜின் பள்ளத்துக்குள் இருட்டுதான். கோதண்டபாணி போன் டார்ச்சை நீட்டினார். 

கிரேஸ் இன்ஜினை ஓடவிட்டு, காய்ந்த துணியைக் கையில் கனமாகச் சுற்றிக்கொண்டாள். முதல் பிளக்கின் ரப்பர் மூடியை இழுத்தாள். இன்ஜின் இன்னும் மோசமாக ஆடி அணையப் பார்த்தது. "இது வேலை செய்யுது" என்று சொல்லித் திரும்ப மாட்டினாள். இரண்டாவதை இழுத்தாள். இன்ஜினில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவதைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. இன்ஜினை அணைத்தாள்.

"நடுவுல இருக்கிறது செத்துடுச்சிண்ணா."

"எப்படிச் சொல்ற?"

"ஏற்கெனவே வேலை செய்யாததைப் பிடுங்கினா இன்ஜினுக்குத் தெரியாது இல்ல?"

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு டார்ச்சைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்தார்.

உடனே கழற்ற முடியாது. சூட்டோடு திருகினால் மரை சிதைந்துவிடும். இரண்டு கதவையும் திறந்துபோட்டு, ஒரு அட்டையால் விசிறினாள். கோதண்டபாணி அட்டையை வாங்கி அவரே விசிறினார். அதற்குள் டேஷ்போர்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். போன மாதம் கழற்றிய பழைய பிளக் மூன்றும் அதில் இருந்தன. எதைக் கழற்றினாலும் ஒரு மாதம் தூக்கிப்போடாமல் வைத்திருப்பது கம்பெனியில் பழகியது. மூன்றில் நன்றாக இருந்த ஒன்றை எடுத்து, கம்பி பிரஷ்ஷால் முனையைத் தேய்த்தாள். தகட்டை நுழைத்தாள்.

"தொண்ணூத்தஞ்சு. தேய்ஞ்சி அகலமாயிருக்குது."

"நான் டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு வெச்சிப் பாத்துக்குவேன்" என்றார் கோதண்டபாணி. "பிளேடு கனம் போதும்."

"அது அந்த வண்டிக்கு. இதுக்கு இன்னும் கொஞ்சம் வேணும்ணா." டயருக்கு அண்டக் கொடுக்கும் மரக்கட்டையில் கொக்கியைத் தட்டினாள். அவசரம் கையில் ஏறக்கூடாது என்று மெதுவாகத் தட்டினாள். 0.75 தகடு நுழையவில்லை. அதிகம் மூடிவிட்டது. குறட்டால் கொக்கியை மட்டும் பிடித்து, நடு முனையைத் தொடாமல், இம்மி அளவு தூக்கினாள். மறுபடி தகட்டை நுழைத்தாள். உரசிக்கொண்டு போனது. உரசிக்கொண்டு வந்தது.

"இழுத்துப் பாருங்க" என்று பிளக்கையும் தகட்டையும் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, இரண்டு விரலால் தகட்டை இழுத்துப் பார்த்தார்.

"பிடிக்குது."

"அதான் வேணும்."

ஸ்பேனரை வைத்து நடுப் பிளக்கைத் திருகினாள். கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு இளகி வந்தது. துணியில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள். வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து கீழே, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பொறி முனைக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாகவே ஓடியிருக்கிறது.

"இது நேத்து என் கையிலேர்ந்து தரையில விழுந்தது" என்றாள். "பாத்தேன், விரிசல் தெரியல. தெரியலன்னாலும் விழுந்ததை மாட்டியிருக்கக் கூடாது. என் தப்புண்ணா."

கோதண்டபாணி டார்ச்சை அந்தக் கோட்டின்மேல் காட்டிப் பார்த்தார். 

"சரி, மாத்து" என்றாள் பொன்னி பின்சீட்டிலிருந்து.

கிரேஸ் பிளக்கை முதலில் விரலாலேயே சுற்றினாள். விரலுக்குச் சுலபமாகச் சுற்றினால்தான் மரை சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கடைசிவரை விரலால் சுற்றிவிட்டு, பிறகு ஸ்பேனரை வைத்து ஒரு சின்னத் திருப்பு. ரப்பர் மூடியை டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் ஒரே மூச்சில் எடுத்தது. ஆட்டம் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தாள். குரல் ஏறி இறங்கியது, எங்கேயும் உடையவில்லை.

அப்போதுதான் கதிர்வேலின் ஆட்டோ வந்து நின்றது. மணி ஆறு இருபத்திரண்டு.

கோதண்டபாணி ஆட்டோவையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். முடிவை அவர்மேல் போடக் கிரேஸுக்கு மனசு வரவில்லை.

"அக்கா இதுலயே வரட்டும்ணா. இறக்கி ஏத்துனா அவங்களுக்குத்தான் கஷ்டம். கதிரு நம்ம பின்னாடியே ஆஸ்பத்திரி வரைக்கும் வருவான். நடுவுல இது ஒரு தடவ உதறினாலும் நானே அக்காவ அதுல ஏத்திடுறேன்."

அவர் தலையாட்டினார். சீட்டை இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆட்டோ பின்னால் வருவது கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது. நெடுஞ்சாலை ஏற்றத்தில் கிரேஸ் மூன்றாவது கியரிலேயே விட்டு, வேண்டுமென்றே நன்றாக மிதித்தாள். வண்டி ஏறியது. ஊருக்குள் நுழைந்தபோது தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. கோயிலுக்கு வந்த வெளியூர் பஸ் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு திரும்பியது. அதற்கு வழிவிட்டு, சந்து வழியாக நுழைந்து, ஆறு ஐம்பத்து மூன்றுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். கதிர்வேல் ஹாரன் அடித்துக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

பொன்னியைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கிரேஸ் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போனாள். இரண்டு நடை முடித்த பிறகு உதிரிப்பாகக் கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்துவைத்த ஒரு பெட்டியைத் திறந்து, கல்லா மேஜையிலேயே பிளக்கை அளந்தாள். சரியில்லை. அடுத்த பெட்டி. அதுவும் இல்லை. வண்டி மாடலைச் சொல்லி உள்ளேயிருந்து வேறு கட்டு எடுத்துவரச் சொன்னாள். "இப்படி யாரும் அளந்து வாங்கி நான் பாத்ததில்லம்மா" என்றார் அவர். "இனிமே பாப்பீங்க" என்றாள். மூன்று சரியான பிளக்கோடு வந்து, ஆஸ்பத்திரி மரநிழலில் வண்டியை ஆறவிட்டு, மூன்றையும் மாற்றினாள்.

பதினொன்றரை மணிக்குக் கோதண்டபாணி வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"வரதராஜனுக்குப் போன் போட்டேன்" என்றார். "ஹெட்ட இறக்கணும்னு சொன்னியே, நடு ரோட்ல பதினைஞ்சு நிமிஷத்துல இறக்காமயே ஓடுச்சுன்னு சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஏதோ அதிர்ஷ்டம்னான்." வேனின் கதவில் கையை ஊன்றினார். "அதிர்ஷ்டம் இல்லடா, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன், அளந்து போட்டாங்கன்னு சொன்னேன்."

போட்டாங்க என்று அவர் சொன்னதைக் கிரேஸ் கவனித்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பொன்னி வந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் கண் தெளிந்திருந்தது. வண்டியில் ஏறுமுன் நின்று, "எது உடைஞ்சது, காட்டு" என்றாள். கிரேஸ் விரிசல் விழுந்த பிளக்கை எடுத்துக் காட்டினாள். பொன்னி அந்தக் கறுப்புக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா."

"எனக்கும் டாக்டரு கிட்னி ஸ்கேன் படத்துல இப்படித்தான் ஒரு சின்னக் கோட்டைக் காட்டினாரு" என்று சொல்லிப் பிளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியிருந்தது. ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலையைக் கடந்து, கூரம் சாலையில் திரும்பியபோது எதிரே வண்டியே இல்லை. புதுப் பிளக் போட்ட இன்ஜின் காலுக்கு இதமாக இழுத்தது. கிரேஸ் நான்காவது கியருக்கு மாற்றினாள். முள் அறுபதைத் தொட்டது. அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது.

பின்னாலிருந்து கோதண்டபாணி தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"கிரேஸம்மா, கொஞ்சம் மெதுவா போம்மா. தூங்குறா."

கண்ணாடியில் பார்த்தாள். பொன்னி கணவரின் தோளில் தலைசாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கிரேஸ் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினாள். முள் நாற்பதுக்கு இறங்கியது. குண்டு குழி பார்த்து, மெதுவாக ஓட்டினாள்.